வாத்தியாரைக் கேளுங்க: லண்டன்காரங்க வீட்டுச் சண்டை

போன மாசம் காத்ர் போர்ன் வாசகி ஒருத்தங்க, இங்கிலாந்துல க்ராலி ஊர்ல இருக்குற தன் அண்ணனும் அவரோட மகளும் பிரெக்ஸிட் ஓட்டு (பிரிட்டன் ஐரோப்பிய யூனியன்ல இருக்கணுமா, வெளிய வரணுமான்னு கேட்ட ஓட்டு) நடந்ததுல இருந்து முகம் குடுத்துப் பேசிக்கிறதில்லன்னு ரெண்டு வரி எழுதியிருந்தாங்க, நானும் அதை அப்படியே போட்டுட்டேன். அவ்வளவுதான், கடுதாசி குவிஞ்சிருச்சு. நம்ம மொரிஷியஸ் தீவுல எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இங்கிலாந்துல ஒரு நர்ஸ் அக்காவோ ஒரு கணக்கப்பிள்ளை மாமாவோ இருப்பாங்க போல. சரி, இந்த மாசம் முழுக்க அதே கதைதான். பாதிப்பேர் கிரியோல்ல எழுதியிருந்தீங்க, நான் தமிழாக்கிப் போட்டிருக்கேன், ஆனா என்கிட்டயே தமிழ் படிச்சவங்க அப்படி எழுதினா காது பத்திரம்.

கேள்வி (வாகோவா வாசகர்): வாத்தியாரய்யா, லிவர்பூல் தோத்தா தோத்ததுதான், மறுநாள் வேலைக்குப் போயிருவோம். இவங்க ஓட்டு எண்ணி முடிச்ச பிறகும் ஏன் மூணரை வருஷம் அடிச்சிக்கிட்டாங்க?

பதில்: தம்பி, மேட்ச்ல கோல் எதுன்னு எல்லாருக்கும் தெரியும். இங்க கோல் போஸ்ட் எங்க இருக்குன்னே யாருக்கும் தெரியாது, அதான் வம்பு.

2016 ஜூன் 23ல நடந்த ஓட்டுல கேட்டது ஒரே கேள்வி, ஐரோப்பிய யூனியன்ல இருக்கணுமா, வெளிய வரணுமா. வெளிய வரணும்னு 1 கோடியே 74 லட்சம் பேர், இருக்கணும்னு 1 கோடியே 61 லட்சம் பேர், அதாவது 51.9க்கு 48.1. வித்தியாசம் கிட்டத்தட்ட 12 லட்சத்து 70 ஆயிரம் ஓட்டு, நம்ம தீவுல குழந்தை குட்டியெல்லாம் சேர்த்து எண்ணினா அவ்வளவுதான் வரும். ஸ்காட்லாந்துல 62 சதவீதம் பேர் இருக்கணும்னாங்க, வடக்கு அயர்லாந்துல 55.8, லண்டன்ல 60 கிட்ட. மொத்தமாப் பார்த்தா இங்கிலாந்தோட மத்த பகுதிங்களும் வேல்ஸும் வேணாம்னுட்டாங்க. ஓட்டு வைக்கச் சொன்ன பிரதமர் டேவிட் கேமரூன் மறுநாள் காலையிலயே ராஜினாமா பண்றேன்னுட்டார்.

இப்ப ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கோயில் விசேஷத்துல இனிமே இலை போட்டு ஏழுகறி வேணுமா வேணாமான்னு ஓட்டுக்கு விடுறோம், நூத்துக்கு 52 பேர் வேணாம்னு சொல்லிடுறாங்க. ஆனா அந்த 52ல பதினெட்டு பேர் பிரியாணி போடணும்ங்கிறவங்க, இருபது பேர் டோல் பூரி பொட்டலம் கட்டிக் குடுத்தாப் போதும்ங்கிறவங்க, மிச்சம் பேர் சாப்பாடே வேணாம் காசை உண்டியல்ல போடுங்கங்கிறவங்க. மறுவாரம் பிரியாணியா ஏழுகறியான்னு கேட்டா ஏழுகறி ஜெயிக்கும், பொட்டலமா ஏழுகறியான்னு கேட்டாலும் ஏழுகறிதான். ஆனா ஏழுகறி வேணாம்னு ஏற்கனவே முடிவாயிருச்சே, மறுபடி கேட்டா துரோகிங்கிறாங்க. லண்டன் பார்லிமென்ட்ல நடந்தது அட்சரம் பிசகாம இதுதான். சிலபேர் யூனியனை விட்டு வந்தாலும் அதோட சந்தையிலயே இருக்கலாம்னாங்க, சிலபேர் சுங்க ஒப்பந்தம் மட்டும் போதும்னாங்க, சிலபேர் ஒண்ணுமே வேணாம் ஒரே வெட்டா வெட்டுன்னாங்க.

2019 ஜனவரி 15ல, கேமரூனுக்கு அடுத்து பிரதமரான தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தம் 432க்கு 202ன்னு தோத்துச்சு, ஒரு அரசாங்கம் அங்க அவ்வளவு ஓட்டு வித்தியாசத்துல தோத்ததே கிடையாது, அதுல அவங்க சொந்தக் கட்சிக்காரங்களே நூத்துக்கும் மேல எதிர்த்து ஓட்டு போட்டாங்க. சரி எதுதான் வேணும் சொல்லுங்கப்பான்னு மார்ச் 27ல எட்டு வழிய வரிசையா வச்சாங்க, எட்டும் தோத்துச்சு. ஏப்ரல் 1ல நாலு வச்சாங்க, நாலும் தோத்துச்சு, சுங்க யூனியன் வழி மட்டும் வெறும் 3 ஓட்டுல போச்சு. எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டு யூனியன்லயே இருங்கன்னு ஒரு மனுவுல 60 லட்சம் பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்க, அதுக்கும் அரசாங்கம் முடியாதுன்னுட்டுது.

இதுல அயர்லாந்து எல்லை வேற. வடக்கு அயர்லாந்து பிரிட்டனோடது, தெக்க இருக்குறது தனி நாடு, யூனியன் மெம்பர், நடுவுல 500 கிலோமீட்டர் எல்லை. முப்பது வருஷம் ரத்தம் சிந்தி 1998ல சமாதான ஒப்பந்தம் போட்டாங்க. ரெண்டு பக்கமும் ஒரே யூனியன்ல இருந்ததால எல்லையில சோதனைச் சாவடியே தேவைப்படல, வயல்ல மாடு இந்தப் பக்கம் படுத்து அந்தப் பக்கம் மேயும். ஒரு பக்கம் வெளிய வந்தா சோதனைய எங்க வைக்கிறது? நிலத்துல வச்சா பழைய சண்டை திரும்பும், கடல்ல வச்சா சொந்த நாட்டுக்குள்ளயே சுங்கம் வச்ச மாதிரி ஆகும். மே அம்மாவால முடியல, அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் கடல்லயே வச்சிட்டார், அங்க இருக்குற பிரிட்டன் விசுவாசிங்க இன்னும் அவரைத் திட்டுறாங்க. அவர் 2019 டிசம்பர் 12 எலெக்ஷன்ல 80 சீட்டு மெஜாரிட்டியோட வந்து 2020 ஜனவரி 31 ராத்திரி 11 மணிக்கு வெளிய கூட்டிட்டுப் போனார். ஏன் 11ன்னா யூனியன் தலைமையகம் இருக்குற பிரஸ்ஸல்ஸ்ல அப்ப 12. யூனியனை விட்டுப் போற நேரத்தைக்கூட யூனியன் கடிகாரம்தான் சொல்லிச்சு. நமக்கு விடியக்காலை 3 மணி, நான் தூங்கிட்டிருந்தேன்.

கேள்வி (ரோஸ் ஹில் வாசகர்): என் மச்சான் மொரிஷியஸ் பாஸ்போர்ட்தான் வச்சிருக்கான், அந்த ஓட்டுல தானும் ஓட்டு போட்டதா ஃபேமிலி குரூப்புல பீத்திக்கிறான். கதை விடுறானா?

பதில்: கதை இல்ல சார், நிஜம். பிரிட்டன்ல சட்டப்படி குடியிருக்குற காமன்வெல்த் நாட்டுக்காரங்க எல்லாருக்கும் அந்த ஓட்டுரிமை இருந்துச்சு, நம்மளும் காமன்வெல்த்துதானே. ஆனா இருபது வருஷமா லண்டன்ல வீடு வாங்கி வரி கட்டிட்டிருந்த பிரெஞ்சுக்காரருக்கோ போலந்துக்காரருக்கோ கிடையாது. ஐரிஷ்காரங்க, மால்டா, சைப்ரஸ்காரங்க மட்டும் விதிவிலக்கு. யாரோட வாழ்க்கை தலைகீழா மாறப்போகுதோ அவங்களைக் கேக்கல, உங்க மச்சானைக் கேட்டாங்க. அவர் என்ன போட்டார்னு நீங்க எழுதல, நானும் கேக்கல.

ஆனா வேற நாலஞ்சு கடுதாசில ஒரே கேள்வி இருந்துச்சு, 'வெளியூர்ல இருந்து போய் பிழைக்கிறவனே வெளியூர்க்காரன் வராதேன்னு எப்படி ஓட்டு போடுவான்'னு. ஆசியக்காரங்கள்ல பெரும்பாலானவங்க இருக்கணும்னுதான் போட்டாங்க, மாத்திப் போட்டவங்களும் நிறைய. அவங்க பக்கத்தையும் கேக்கணும்ல. போர்ட் லூயிஸ்ல இருந்து ஒரு பொண்ணு நர்ஸ் வேலைக்குப் போகணும்னா விசா, இங்கிலீஷ் பரீட்சை, சம்பள வரம்புன்னு நாக்கு தள்ளும், அப்பல்லாம் பல்கேரியால இருந்து ஒருத்தர் டிக்கெட் எடுத்தா வந்துரலாம். நம்ம தாத்தா அவங்க ராணிக்கு உழைச்சாங்க, நமக்கு வரிசை, நேத்து சேர்ந்தவனுக்கு வாசல் திறப்பாங்கிற வயித்தெரிச்சல். பிரீத்தி படேல் மாதிரி மந்திரிங்க அதைத் தெரிஞ்சே ஊதினாங்க, ஐரோப்பாவை விட்டு வந்தா இந்தியா, பங்களாதேஷ்ல இருந்து கறி சமைக்க ஆள் கூட்டிட்டு வரலாம், கறிக் கடையைக் காப்பாத்துவோம்னு பிரசாரம் பண்ணினாங்க. அப்புறம் ஐரோப்பாக்காரங்க வரவு குறைஞ்சுது, மத்த நாட்டுக்காரங்க வரவு ஏறிச்சு, 2023 வாக்குல வந்தவங்க போனவங்க கழிச்சு ஒரு வருஷத்துக்கு 9 லட்சத்தைத் தாண்டிச்சு. ஆள் வரத்து குறையணும்னு ஓட்டு போட்டவங்க முகத்தை நினைச்சுப் பாருங்க. அடுத்த எலெக்ஷன்ல அந்தக் கோபம் ஆளுங்கட்சி மேல பாஞ்சுது.

பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் பழையபடி நீலப் பாஸ்போர்ட் கிடைச்சதுக்கு அவங்க சந்தோஷப்பட்டதைப் பார்த்து ஒருத்தர் சிரிச்சு எழுதியிருந்தார் (அது போலந்துல அச்சாகி வருதுங்கிறது தனி ஜோக்). நான் சிரிக்க மாட்டேன். 1998ல நம்ம ரூபா நோட்டுல தமிழ் எழுத்து ஒரு படி கீழ இறங்கி இந்தி மேல வந்தப்போ நாம சும்மாவா இருந்தோம்? நோட்டை வாபஸ் வாங்குற வரைக்கும் விட்டோமா? வெளிய இருந்து பார்த்தா அதுவும் ஒரு காகிதத்துல ரெண்டு வரி இடம் மாறினதுதான். அவங்கவங்களுக்கு அவங்கவங்க காகிதம்.

கேள்வி (ரீயூனியன், சேன்ட்-ஆந்த்ரே, கல்லூரி மாணவி): எங்க தீவும் யூனியன்ல இருக்கு, எங்க கைல யூரோ. பிரிட்டன் மாதிரி நாங்களும் வெளிய போக முடியுமா? யூனியனை விட்டு முதல்ல போனது பிரிட்டன்தானா?

பதில்: தமிழ்ல எழுதினதுக்கு முதல்ல ஒரு சபாஷ் கண்ணு, 'ழ' மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ. நீங்க பிரான்ஸோட ஒரு மாகாணம், அதனால பிரான்ஸ் யூனியன்ல இருக்குற வரைக்கும் நீங்களும் யூனியன்லதான், தனியா கடிதம் குடுத்துட்டு வர முடியாது. முழு நாடா வெளிய வந்தது பிரிட்டன் மட்டும்தான், ஆனா முதல்ல விட்டுட்டுப் போன இடம் அது இல்ல. டென்மார்க்கோட இருந்த கிரீன்லாந்து 1982ல ஓட்டெடுத்து 1985ல வெளிய வந்துருச்சு, அப்ப அதுக்கு யூனியன்னே பேர் இல்ல, பொருளாதார சமூகம்னு பேர். காரணம் மீன். அவங்க கடல்ல யார் மீன் பிடிக்கிறதுங்கிற ஒரே சண்டை. அதுக்கே பேசி முடிக்க மூணு வருஷம் ஆச்சு, மீன் ஒண்ணுக்கு.

கேள்வி (போர்ட் லூயிஸ் வாசகர்): இவங்க சண்டையில நமக்கு சாகோஸ் தீவு கிடைச்சதுங்கிறாங்களே, உண்மையா?

பதில்: சண்டையாலதான் கிடைச்சதுன்னு சொன்னா நம்ம ஆளுங்க அம்பது வருஷம் பட்ட பாடு வீணாயிரும். ஆனா உதவிச்சு, அதுல சந்தேகமில்ல. 1965ல நமக்கு சுதந்திரம் குடுக்குறதுக்கு முன்னாடியே நம்மளோட சேர்ந்திருந்த சாகோஸ் தீவுக் கூட்டத்தை பிரிட்டன்காரங்க வெட்டி எடுத்து 30 லட்சம் பவுனைக் கையில திணிச்சாங்க, அங்க இருந்த சனங்களைக் கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்து நம்ம துறைமுகத்துல விட்டாங்க. அந்தக் குடும்பங்கள்ல பல பேர் இப்ப அதே க்ராலி ஊர்லதான் இருக்காங்க, அதை விடுங்க.

2017 ஜூன் 22ல, பிரெக்ஸிட் ஓட்டு முடிஞ்சு ஒரு நாள் குறைய ஒரு வருஷம், இந்த விஷயத்தை சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பலாமான்னு ஐநா சபையில ஓட்டு நடந்துச்சு. அனுப்பலாம்னு 94, வேணாம்னு 15, நடுநிலை 65. அந்த 65க்குள்ள பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின்னு பெரும்பாலான ஐரோப்பிய நாடுங்க உக்காந்திருந்தாங்க. பழைய காலமா இருந்தா பங்காளிக்காக பிரிட்டன் பக்கம் கை தூக்கியிருப்பாங்கன்னுதான் நினைக்கிறேன். வீட்டை விட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்தவனுக்கு யாரு சாட்சி சொல்லுவா? 2019 பிப்ரவரில நீதிமன்றம் நமக்குச் சாதகமா கருத்து சொல்லிச்சு, அதே வருஷம் மே மாசம் ஐநா சபையில 116க்கு 6. 2025 மே 22ல ஒப்பந்தத்துல கையெழுத்து, பட்டாளத் தளம் இருக்குற தியேகோ கார்சியா தீவு மட்டும் பிரிட்டனுக்கு 99 வருஷ குத்தகை. கையெழுத்தோட எல்லாம் முடிஞ்சிரல, அங்க பார்லிமென்ட்ல அதையும் வச்சு ஒரு சண்டை. அவங்களுக்குச் சண்டை போட ஏதாவது ஒண்ணு வேணும்.

கேள்வி (ஃபிளாக், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்): கரும்புக்கு இதனால லாபமா நட்டமா?

பதில்: அண்ணே, நம்ம கரும்புக்கு அடி பிரெக்ஸிட்டால விழல, அதுக்கு முன்னாடியே பிரஸ்ஸல்ஸ்ல இருந்து விழுந்துருச்சு. 1975ல இருந்து ஐரோப்பாக்காரங்க வருஷத்துக்கு 5 லட்சம் டன் கிட்ட சக்கரையை நிச்சய விலைக்கு வாங்கிக்கிட்டாங்க, அந்தக் காசுலதான் இந்தத் தீவு பள்ளிக்கூடமும் ஃபேக்டரியும் கட்டிச்சு. 2006ல இருந்து விலைய 36 சதவீதம் வெட்டினாங்க, 2009ல அந்த ஏற்பாட்டையே முடிச்சாங்க, 2017ல பீட்ரூட் சக்கரைக்கு இருந்த வரம்பையும் தூக்கிட்டாங்க. லண்டன் தேம்ஸ் கரையில கரும்புச் சக்கரை சுத்திகரிக்கிற டேட் அண்ட் லைல்காரங்க இதனாலதான் வெளிய வரணும்னு வெளிப்படையாவே சொன்னாங்க. வெளிய வந்ததும் யார் வேணா வரியில்லாம அனுப்பலாம்னு 2 லட்சத்து 60 ஆயிரம் டன்னுக்கு வாசலைத் திறந்தாங்க, அதுல பிரேசில்காரன் மாதிரி பெரிய ஆளுங்க நுழைஞ்சா நம்ம சலுகைக்கு என்ன மதிப்பு? பழைய சலுகை நமக்கு போகல, 2019 ஜனவரி 31லயே நம்ம அரசாங்கம் அவங்களோட தனியா ஒப்பந்தம் போட்டுருச்சு. சலுகை இருக்கு, சலுகைக்கு ருசிதான் போச்சு.

கேள்வி (த்ரியோலே, ஆசிரியை): நாம பிரிட்டனை விட்டு வந்தப்போ இப்படி நாடு ரெண்டா உடையலையே, நாம புத்திசாலிங்களா?

பதில்: யாரு சொன்னா உடையலன்னு? டீச்சரம்மா, உங்களுக்கு வயசு கம்மி. 1967 ஆகஸ்ட் 7 எலெக்ஷன்ல நம்ம முன்னாடி இருந்ததும் இதே கேள்விதான், பிரிட்டனை விட்டுப் போறதா, அவங்களோட ஒட்டிக்கிட்டு இருக்குறதா. ராம்கூலம் பக்கம் சுதந்திரம், காயத்தான் டுவால் பக்கம் பிரிட்டனோட கூட்டு. சுதந்திரம் வேணாங்கிற பக்கம் 44 சதவீதம் கிட்ட ஓட்டு விழுந்துச்சு, பிரெக்ஸிட்ல தோத்த பக்கத்தோட 48ஐ விட நாலுதான் கம்மி. 1968 ஜனவரில போர்ட் லூயிஸ்ல வெட்டுக்குத்து, பிரிட்டிஷ் பட்டாளம் வந்து இறங்கிச்சு, மார்ச் 12ல சாம்ப் தெ மார்ஸ்ல கொடி ஏத்துறதுக்கு வரவேண்டிய இளவரசி அலெக்ஸாண்ட்ரா வரவே இல்ல. ஆயிரக்கணக்குல சனங்க சாமானைக் கட்டிக்கிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டாங்க. பிரிட்டன்ல மட்டும் ரத்தம் சிந்தலையான்னா, பிரெக்ஸிட் ஓட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி ஜோ காக்ஸ்னு 41 வயசு எம்பி, ரெண்டு குழந்தைக்குத் தாய், நடுத்தெருவுல கொல்லப்பட்டாங்க.

வித்தியாசம் எங்கன்னா, நாம ஓட்டு போட்டது ஆமா-இல்லன்னு மொட்டைக் கேள்விக்கு இல்ல, கட்சிங்களுக்கு. விட்டு வந்தா எந்த மாதிரி ஆட்சிங்கிறது 1965லயே லண்டன்ல உக்காந்து பேசி வச்சாச்சு. தோத்த பக்கம் வீட்டுக்குப் போகல, பார்லிமென்ட்ல 23 சீட்டோட உக்காந்துச்சு, நம்ம பெஸ்ட் லூசர் ஏற்பாட்டுல (தோத்த வேட்பாளர்ங்கள்ல சிலருக்கு சமூக வாரியா சீட்டு குடுக்குற முறை) இன்னும் 4 சேர்ந்து 27. எல்லாரும் கேலி பண்றோமே அந்த பெஸ்ட் லூசர், அதைத்தான் சொல்றேன். அங்க ஒரு கோடியே 61 லட்சம் பேருக்கு ஒரு பெஸ்ட் லூசர் சீட்டுகூடக் கிடையாது, தோத்தாச்சு வாய மூடுன்னுட்டாங்க. இங்க ரெண்டு வருஷத்துல, 1969 கடைசில, ராம்கூலமும் டுவாலும் கூட்டு சேர்ந்து டுவால் வெளியுறவு மந்திரியாவே ஆயிட்டார். அதை ரொம்பப் புகழவும் வேணாம், அதே கூட்டுதான் 1972ல நடக்கவேண்டிய எலெக்ஷனை 1976க்குத் தள்ளி வச்சுது, எதிர்த்தவங்களை உள்ள போட்டுது. ஆனா சுதந்திரம் வேணாம்னவனும் வேணும்னவனும் ஒரே ஆபீஸ்ல டீ குடிச்சதை ஊர் பார்த்துச்சு. மே அம்மாவும் எதிர்க்கட்சித் தலைவர் கார்பினும் டீ குடிக்கவே மூணு வருஷம் ஆச்சு, குடிச்சும் ஒண்ணும் நடக்கல.

கேள்வி (காத்ர் போர்ன் வாசகி, அதே அக்கா): வாத்தியாரய்யா, என் கடுதாசி இவ்வளவு வம்பு பண்ணும்னு நினைக்கல. வர்ற மாசம் என் பையன் கல்யாணம். க்ராலில இருந்து அண்ணனும் வர்றார், அவர் பொண்ணும் வர்றா, தனித்தனி ஃபிளைட்ல. பந்தியில எங்க உக்கார வைக்கிறது?

பதில்: அக்கா, உங்க வீடு ஒண்ணும் அதிசயம் இல்ல. ஓட்டு நடந்த அன்னிக்கே எடுத்த ஒரு பெரிய கருத்துக்கணிப்புல 24 வயசுக்குள்ள இருந்தவங்கள்ல 73 சதவீதம் இருக்கணும்னு போட்டதாச் சொன்னாங்க, 65 தாண்டினவங்கள்ல 60 சதவீதம் வேணாம்னு. அப்பன் ஒரு பக்கம் மக ஒரு பக்கம்னு எத்தனை வீடு. அந்தப் பொண்ணுக்கு ஆத்திரம் இருக்குறது நியாயம், நாளைக்கு அவ பாரிஸ்லயோ பெர்லின்லயோ போய் வேலை பார்க்கணும்னா இருந்த உரிமையை அப்பா தலைமுறை ஓட்டு போட்டுப் பறிச்சிருச்சு. அண்ணனுக்கும் ஒரு ஆத்திரம் இருக்கும், முப்பது வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துப் படிக்க வச்ச பொண்ணு தன்னை முட்டாள், இனவெறியன்னு சொன்னா எந்த மனுஷனுக்குத்தான் பொறுக்கும்.

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். 1967ல எங்கப்பா சிவப்பு, அதாவது ராம்கூலம் கட்சி, எங்க பெரியப்பா நீலம், டுவால் கட்சி. எனக்குப் பத்து வயசு. பெரியப்பா மெல்போர்ன் போறப்ப எங்கப்பா துறைமுகத்துக்குக்கூடப் போகல. பதினோரு வருஷம் கழிச்சு என் அக்கா கல்யாணத்துக்குத்தான் அவர் வந்தார், முதல் நாள் ராத்திரி யாரு என்ன பேசுறதுன்னு தெரியாம எல்லாரும் முழிச்சிட்டிருந்தப்போ எங்க அம்மா ஒரு பெரிய பிஞ்சுப் பலாக்காயை ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சு ஆளுக்கு ஒரு கத்தியக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. சுதந்திரம் சரியா தப்பான்னு ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. பலாக்காயை எப்படி நறுக்கணும்ங்கிறதுலயும் ஒத்துக்கல, அந்தச் சண்டை விடிய விடிய நடந்துச்சு.

அதனால பந்தியைப் பத்தி இப்பவே கவலைப்படாதீங்க, முதல் நாள் ராத்திரியப் பாருங்க. அண்ணனையும் பொண்ணையும் பலாக்காய்க்கு உக்கார வைங்க, தேங்காய் எண்ணெய் கொஞ்சம் அதிகமாவே வாங்கி வைங்க. கை முழுக்க பலாப்பிசினோட யாரும் போனை எடுத்து ஆதாரம் காட்ட முடியாது.